'ஐ ஹாவ் எ டவுட்' என்று எழுதினால் தப்பா? – பதில் சொல்கிறவர்கள் செய்யும் நான்கு தவறுகள்

சில வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு தப்பு செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்குக் கொஞ்சமாவது தகுதி வரும்.

எங்கள் டீமில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தார். ஈரோடு பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.இ. கோடு சுத்தமாக எழுதுவார். ஒரு நாள் க்ளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டிய மெயிலை என்னிடம் காட்டினார். நாலே வரி. முதல் வரியில் 'ஐ ஹாவ் எ டவுட்', நடுவில் மீட்டிங்கை 'ப்ரீபோன்' செய்ய முடியுமா என்று ஒரு கேள்வி, கடைசியில் 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்'. கோடு ரிவ்யூ பண்ணுகிற அதே வேகத்தில் மூன்றையும் அடித்தேன். "இதெல்லாம் இங்கிலீஷே கிடையாதும்மா. எந்த நேட்டிவ் ஸ்பீக்கரும் இப்படி எழுத மாட்டான்" என்றும் சொன்னேன்.

அவர் மெயிலைத் திருத்தி அனுப்பிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு க்ளையன்ட் காலில் வாயே திறக்கவில்லை. கேள்வி இருந்தால் எனக்கு சாட்டில் தட்டுவார், நான் அவருக்காகக் கேட்பேன். ஒரு நாள் நான் காலில் இல்லை. ஒரு ரிக்வயர்மென்ட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு வார வேலை வீணாகிப் போனது. "காலிலேயே கேட்டிருக்கலாமேம்மா?" என்றேன்.

"கேக்கணும்னுதான் நினைச்சேன் அண்ணா. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. டவுட்டுன்னு சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க."

அன்று ராத்திரி உட்கார்ந்து, நான் கொடுத்த மூன்று தீர்ப்புகளையும் சரிபார்த்தேன். மூன்றில் ஒன்றுகூட நான் சொன்ன விதத்தில் சரியில்லை. அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலச் சொல், மரபுத்தொடர், இலக்கணம் பற்றி யாராவது சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டு, அதற்கு இணையத்தில் பதில் வந்திருந்தால், கேள்வியை விட்டுவிட்டு பதிலைப் படிக்கிறேன். எதை வைத்து இதைச் சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன். மோசமான பதில்கள் பெரும்பாலும் நான்கு வகையில் அடங்கிவிடுகின்றன.

ஒன்று: விதி சொல்லும் பதில்

"வாக்கியத்தை ப்ரெபொசிஷனில் முடிக்கலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். "கூடாது, இலக்கணப்படி தவறு" என்று பதில் வருகிறது. எந்த இலக்கணம், யார் எழுதியது, எப்போது? அதெல்லாம் பதிலில் இருக்காது.

கொஞ்சம் தோண்டினால் ஒரு மனிதர் தென்படுகிறார். ஜான் ட்ரைடன் என்ற கவிஞர், 1672-ல். தனக்கு முந்தைய தலைமுறையின் பென் ஜான்சன் வாக்கியங்களை இப்படி முடித்திருக்கிறார் என்று குறை சொன்னார். வெறும் குறை மட்டுமல்ல, 1668-ல் வந்த தன் சொந்தக் கட்டுரையை 1684-ல் மறுபதிப்பு செய்தபோது அதிலிருந்த அந்த மாதிரி வாக்கியங்களைத் தேடித் தேடி மாற்றினார். அதாவது நல்ல ஆங்கிலம் எழுதத் தெரிந்த ட்ரைடனுக்கே, யோசிக்காமல் எழுதும்போது அப்படித்தான் வந்திருக்கிறது.

அடுத்து 1762-ல் ராபர்ட் லோத் என்ற பாதிரியார் ஓர் இலக்கண நூல் எழுதினார். இந்தத் தடையை அவர் தலையில் கட்டுவது வழக்கம். ஆனால் அவர் தடை எதுவும் போடவில்லை. பேச்சிலும் சாதாரண எழுத்திலும் இப்படி முடிப்பது ஆங்கிலத்தின் இயல்பு, கம்பீரமான நடைக்கு மற்றது பொருந்தும் என்றுதான் சொன்னார். அதைச் சொல்லும் அவருடைய வாக்கியத்தின் முதல் பகுதியே ஒரு ப்ரெபொசிஷனில்தான் முடிகிறது. 1926-ல் ஃபவுலர் தன் புகழ்பெற்ற வழக்கு அகராதியில் இந்த விதியை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். அதற்கப்புறம் நூறு வருடம் ஓடிவிட்டது. பதில் மட்டும் மாறவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஓர் இணை உண்டு. பழைய கோடில் ஒரு கண்டிஷன் இருக்கும். ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எடுத்தால் எதாவது உடைந்துவிடுமோ என்று பயந்து எல்லோரும் காப்பி பண்ணிக்கொண்டே போவார்கள். எப்போது, யாரால், எதற்காக வந்தது என்று ஹிஸ்டரியைப் பார்ப்பவர் ஒருவராவது வேண்டும். இலக்கண விதிக்கும் அதேதான்.

இரண்டு: கதை சொல்லும் பதில்

இது படிக்க சுவாரசியமாக இருக்கும். அதனால்தான் ஆபத்து.

'பாஷ்' என்ற சொல், பணக்காரத் தோரணை என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது வெயில் படாத அறை இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். காசுள்ளவர்கள் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்று டிக்கெட் எடுப்பார்கள். அதன் முதல் எழுத்துகள்தான் 'பாஷ்'. இந்தியாவும் வருகிறது, கப்பல் வருகிறது, வெயில் வருகிறது. நம்பாமல் எப்படி இருப்பது? நானே இதைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்கிறது. சொல் முதல் உலகப்போர் காலத்திலேயே புழக்கத்தில் இருக்கிறது, கதையோ 1930-களில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. பிள்ளை பிறந்து பல வருடம் கழித்து எழுதிய ஜாதகம்!

சரி, அப்படியானால் முதல் எழுத்துக் கதை என்றாலே பொய் என்று ஒரு ஷார்ட்கட் போட்டுக்கொள்ளலாமா? அதுவும் முடியாது. 'ஓகே' என்ற சொல்லை எடுங்கள். கிரேக்க மொழியிலிருந்து வந்தது, அமெரிக்கப் பழங்குடியான சாக்டா மக்களின் மொழியிலிருந்து வந்தது என்று ஏகப்பட்ட கதைகள். ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்க அறிஞர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, 1963-64-ல் தொடர் கட்டுரைகளாக விடையை வெளியிட்டார். 1839-ல் பாஸ்டனில், வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு சொற்களைச் சுருக்கி எழுதுவது ஒரு ஃபேஷனாக இருந்தது. 'ஆல் கரெக்ட்' என்பதைத் தப்பான ஸ்பெல்லிங்கில் எழுதி, அதன் முதல் எழுத்துகளைப் போட்டதுதான் 'ஓகே'. 1839 மார்ச் 23-ம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழில் அது இருக்கிறது. அடுத்த வருடம் அதிபர் தேர்தல். வான் ப்யூரன் கிண்டர்ஹூக் ஊர்க்காரர் என்பதால் அவருக்கு 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்று பட்டப்பெயர். அதற்கும் அதே இரண்டு எழுத்து. சொல் பரவிவிட்டது.

ஆக, முதல் எழுத்துக் கதையில் ஒன்று பொய், ஒன்று உண்மை. இரண்டையும் பிரிப்பது கதையின் அழகு இல்லை. தேதி போட்ட ஒரு காகிதம், அவ்வளவுதான்.

இங்கே நம் ஆட்களையும் விட முடியாது. "கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம்ம காசுதான்" என்று மார்தட்டும் பதில்கள் நிறைய. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே ஸ்பெல்லிங்கில் இரண்டு 'கேஷ்' உண்டு. ரொக்கம் என்ற பொருளில் நாம் தினமும் சொல்வது, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் வழியாக லத்தீனிலிருந்து வந்தது. இன்னொரு 'கேஷ்', கிழக்கு நாடுகளின் சின்ன நாணயத்துக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர். நம் காசு போர்த்துகீசியர் வழியாகப் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று ஆங்கிலத்துக்குப் போன நிஜமான தமிழ்ச் சொற்கள் இருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பெட்டியை நம்முடையது என்று சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

மூன்று: "நேட்டிவ் ஸ்பீக்கர் இப்படிச் சொல்ல மாட்டார்"

இது என் தவறு. எனவே கொஞ்சம் விரிவாகவே.

'ப்ரீபோன்' நம் ஊர்க்காரர்கள் உருவாக்கிய போலிச் சொல் என்று நினைத்திருந்தேன். 1913-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு வாசகர் எழுதிய கடிதத்தில், 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக இதை முன்வைக்கிறார். வக்கீல்களுக்கு உபயோகப்படும் என்று காரணமும் சொல்கிறார். அங்கே அது எடுபடவில்லை. இன்று அது வாழ்கிற இடம் இந்தியா. அமெரிக்கரிடம் சொன்னால் புரியாமல் போகலாம், அது வேறு விஷயம். ஆனால் 'இங்கிலீஷே கிடையாது' என்று நான் சொன்னது தப்பு.

'டூ த நீட்ஃபுல்' இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே சாதாரணமாகப் புழங்கிய தொடர் அது. அங்கே வழக்கொழிந்தது, நம் ஆபீஸ் கடிதங்களில் தங்கிவிட்டது. அவர்கள் விட்டுவிட்டுப் போன நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதைப் பார்த்து அவர்களே "இது என்ன நாற்காலி?" என்று கேட்கிறார்கள்.

'டவுட்' விஷயத்துக்கு வருகிறேன். பொதுவான ஆங்கிலத்தில் அதற்கு அவநம்பிக்கை, நிச்சயமின்மை என்று பொருள். கேள்வி என்ற பொருளில் நாம் சொல்கிறோம். நாம் மட்டுமா? ஸ்பானிஷ்காரர்களும் போர்த்துகீசியர்களும் தங்கள் மொழியில், கேள்வி கேட்குமுன் 'எனக்கு ஒரு சந்தேகம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆங்கிலம் பேசும்போது அவர்களுக்கும் 'டவுட்'தான் வாயில் வருகிறது. ஸ்காட்லாந்துக்குப் போனால் தலைகீழ். 'மழை வரும் என்று டவுட் பண்ணுகிறேன்' என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்னால், மழை வராது என்று அர்த்தமில்லை, வரும்போலத் தோன்றுகிறது என்று அர்த்தம். அவர் நேட்டிவ் ஸ்பீக்கர்தானே?

'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மனசில் இருப்பது, நாம் பார்த்த சில படங்களும் நம்மோடு பேசிய நாலு க்ளையன்ட்டும்தான். "என் மெஷினில் ஓடுகிறதே" என்று டெவலப்பர் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த மெஷின், எந்த வெர்ஷன்? அதைச் சொல்லாமல் 'ஓடுகிறது', 'ஓடவில்லை' என்பதற்கு அர்த்தமே கிடையாது.

நான்கு: "மொழி மாறிக்கொண்டே இருக்கும், எல்லாம் சரிதான்"

முதல் மூன்று தவறையும் உணர்ந்தவர்கள் போய் விழும் குழி இது. நானும் கொஞ்ச நாள் இதில் கிடந்தேன். மொழியியல் புத்தகம் இரண்டு படித்தவுடன், யார் எதைக் கேட்டாலும் "தப்புன்னு எதுவுமே இல்லைங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். கேட்க முற்போக்காக இருக்கும்.

ஆனால் கேட்கிறவருக்கு நாளைக்கு இன்டர்வ்யூ. எதிரே உட்காரப் போகிறவர் மொழியியல் படித்தவர் இல்லை. 'ப்ரீபோன்' என்று சொன்னவுடன் உள்ளுக்குள் ஒரு மார்க் குறைப்பார். அந்த மார்க்குக்கு நான் பொறுப்பேற்கப் போவதில்லை. பொறுப்பேற்காமல் தாராளம் காட்டுவது சுலபம். நானும் தமிழ் மீடியம்தான். கேம்பஸ் இன்டர்வ்யூவில் ஒரு வார்த்தையைத் தப்பாக உச்சரித்து, எதிரே இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று எவராவது வந்து "மொழி மாறும் தம்பி" என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன பிரயோஜனம்?

ஒரு சீட்டு போதும்

அப்படியானால் நல்ல பதில் எப்படி இருக்கும்? எனக்குக் கிடைத்த நல்ல முன்மாதிரி ஒரு பழைய காகிதச் சீட்டு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கான யோசனை 1857-ல் லண்டனில் ஆரம்பித்தது. 1879-ல் ஆசிரியராக வந்தவர் ஜேம்ஸ் மர்ரே. பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். அவர் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகங்களைப் படியுங்கள், கண்ணில் படும் சொற்களுக்குச் சீட்டு எழுதி அனுப்புங்கள் என்று. சீட்டில் சொல், தேதி, நூலாசிரியர், நூல், பக்கம், அந்தச் சொல் வரும் வாக்கியம். இவ்வளவுதான். அந்தச் சொல் சரியா தப்பா என்று அனுப்புகிறவரின் அபிப்பிராயத்துக்குச் சீட்டில் இடமே இல்லை. முதல் பகுதி 1884-ல் வந்தது, முழுதும் முடிய 1928 ஆனது. உலகத்தின் மிகப் பெரிய ஆங்கில அகராதி, பெரும்பாலும் நம்மைப் போன்ற அமெச்சூர்கள் அனுப்பிய சீட்டுகளின் மேல் நிற்கிறது.

அந்தச் சீட்டு எழுத இன்று நூலகம்கூடத் தேவையில்லை. புத்தகங்களில் ஒரு சொல் எந்த வருடத்தில் எவ்வளவு வந்தது என்று பார்க்க கூகுள் என்கிராம் இருக்கிறது. நாடுவாரியாகப் பார்க்க குளோவ்பி என்ற தொகுப்பு இருக்கிறது. 2013-ல் வெளிவந்தது, 20 நாடுகளின் இணையப் பக்கங்களிலிருந்து எடுத்த 190 கோடி சொற்கள். இந்தியாவும் இலங்கையும் அதில் தனித்தனியாக உண்டு. ஆனால் கருவியை நம்பிக் கண்ணை மூடக் கூடாது. 1800-க்கு முந்தைய அச்சில் 'எஸ்' எழுத்துக்கு நீளமான ஒரு வடிவம் உண்டு, பார்க்க 'எஃப்' மாதிரியே இருக்கும். மெஷின் அதைத் தப்பாகப் படித்து, இல்லாத சொற்களை இருப்பதாகக் காட்டும். 'முதல் தேதி' என்பதும் இதுவரை கிடைத்த முதல் தேதி மட்டுமே. நாளைக்கு இன்னும் பழைய காகிதம் ஒன்று கிடைத்தால் மாறும்.

மர்ரேயின் சீட்டோடு நான் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கிறேன். நல்ல பதிலில் மூன்று விஷயம் வேண்டும். யார், எங்கே இப்படிச் சொல்கிறார்கள்? எப்போதிலிருந்து? நீங்கள் சொன்னால் உங்களுக்கு என்ன ஆகும்? முதல் இரண்டும் சீட்டில் இருப்பவை. மூன்றாவது, கேட்கிற ஆளை நினைத்து நாம் எழுத வேண்டியது. விதி சொல்பவரும் கதை சொல்பவரும் முதல் இரண்டை விட்டுவிடுகிறார்கள். 'எல்லாம் சரி' என்பவர் மூன்றாவதை விட்டுவிடுகிறார். நான் அன்று மூன்றையும் விட்டேன்.

எல்லாக் கேள்விக்கும் இவ்வளவு தேவையா என்றால், இல்லை. ஸ்பெல்லிங் கேட்டால் ஸ்பெல்லிங்கைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் "இது தப்பா?" என்று ஒருவர் கேட்டால், பெரும்பாலும் அவர் கேட்பது "இதைச் சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களா?" என்றுதான். அதற்கு ஒரு வரித் தீர்ப்பு போதாது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது

"கேள்வி என்ற பொருளில் 'டவுட்' இந்திய ஆங்கிலத்தில் ரொம்ப சகஜம். நமக்குள் பேசும்போது தாராளமாகச் சொல்லலாம். ஆனால் 'உங்கள் டிசைனில் எனக்கு ஒரு டவுட்' என்று அமெரிக்க க்ளையன்ட்டுக்கு எழுதினால், 'உங்கள் டிசைனில் எனக்கு நம்பிக்கையில்லை' என்று அவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் அங்கே 'கொஸ்டின்' என்று போடு. இது உன் தப்பு இல்லை, அந்தச் சொல்லுக்கு அந்த ஊரில் வேறு பொருள், அவ்வளவுதான்."

அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு வார வேலை மிஞ்சியிருக்கும். அது போகட்டும், ஒரு பெண்ணின் இரண்டு மாத மௌனம் மிஞ்சியிருக்கும்.

இதைத் தேடிக்கொண்டிருந்தபோது பள்ளியில் படித்த நன்னூல் நினைவுக்கு வந்தது. அதில் வினா ஆறு வகை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. கயிறா பாம்பா என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. இலக்கணம் இரண்டையும் தனித்தனியாக வைத்தது. பேச்சில் நாம் இரண்டுக்கும் 'ஒரு சந்தேகம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வகுப்பில் கை தூக்கி "சார், ஒரு சந்தேகம்" என்றால் அது பெரும்பாலும் அறியா வினாதான். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்தில் 'டவுட்' ஆகிறது என்று நினைக்கிறேன். இந்தி பேசுகிறவர்களும் மற்றவர்களும் இதையே சொல்கிறார்கள் என்பதால், தமிழ் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் 'கேஷ் நம்ம காசு' கோஷ்டியில் சேர்ந்துவிடுவேன்.

அந்தப் பெண்ணிடம் பிறகு இதையெல்லாம் சொன்னேன். ஸ்பானிஷ்காரர்கள் கதையைக் கேட்டு நன்றாகச் சிரித்தார். அப்புறம், "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா?" என்றார்.

"அப்ப எனக்கே தெரியாதும்மா."

"அப்ப தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

நன்னூலில் விடை எட்டு வகை. மறுப்பது உண்டு, உடன்படுவது உண்டு, எதிர்க்கேள்வி கேட்பதுகூட உண்டு. 'தெரியாது' என்பது பட்டியலில் இல்லை. என் கணக்கில் அதை ஒன்பதாவதாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அடிக்கடி உபயோகப்படுகிறது.